பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் தாங்கள் முயன்று பார்க்கும் புதிய பாடமுறைகளையும் வகுப்பறைத் தொழில்நுட்பத்தையும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று போன இதழில் கேட்டிருந்தோம். கேள்விகள் நிறையவே வந்தன. பெயர் போட வேண்டாம் என்று எழுதியவர்கள்தான் அதிகம், அதுவே ஒரு தகவல்தான். அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் துறையில் மாதம் ஒருமுறை புதிய கற்பித்தல் முறைகள் பற்றிக் கூட்டம் போடுகிறோம். யாராவது ஒருவர் ஏதாவது ஒரு ஆப்பைத் திரையில் போட்டுக் காட்டுவார். கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். மறுநாள் எல்லார் வகுப்பும் பழையபடியே. எங்கே தப்பு? – துறைத்தலைவர் ஒருவர்

கூட்டம் போடுவதில் தப்பே இல்லை. கூட்டத்துக்கு எதை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இயற்பியல் ஆசிரியர்கள் 722 பேரிடம் எடுத்த ஒரு ஆய்வு 2012இல் வெளியானது. ஆராய்ச்சியில் தேறிய புதிய பாடமுறைகள் இருக்கின்றன என்பது அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒன்றைச் செய்தும் பார்த்திருந்தார்கள். ஆனால் செய்து பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாதியில் விட்டுவிட்டார். ஆக, தகவல் போய்ச் சேரவில்லை என்பது பிரச்சினை இல்லை. முதல் தடவை சொதப்பும்போது பக்கத்தில் பேச ஒரு ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை. உங்கள் கூட்டமோ முதல் தடவைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

நான் சொல்வது இதுதான். அடுத்த கூட்டத்துக்கு ஆப் வேண்டாம், ஸ்லைடும் வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பாடத்தில் மாணவர்கள் வருஷா வருஷம் தடுக்கி விழும் ஒரே ஒரு இடத்தைக் கொண்டுவரட்டும், கூடவே பெயரை மறைத்த இரண்டு மூன்று தப்பான விடைத்தாள்களையும். இந்தத் தப்பு ஏன் வருகிறது, நீங்கள் என்றால் இதை எப்படித் தொடங்குவீர்கள் என்று பேசுங்கள். நேரம் போவது தெரியாது, ஏனென்றால் ஆசிரியர்களுக்குத் தெரியாத ஆப் எத்தனையோ இருக்கலாம், ஆனால் தப்பான விடையைப் பற்றிக் கருத்து இல்லாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பேசி முடிக்கும்போது யாராவது இரண்டு பேர் ஒரே முயற்சியை அந்த மாதம் தங்கள் வகுப்பில் செய்து பார்ப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேர், ஒருவர் போதாது. அடுத்த கூட்டத்தை அவர்கள்தான் தொடங்க வேண்டும், அதுவும் எது வேலை செய்யவில்லை என்பதிலிருந்து. இதை ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே விஷயத்தைப் பிடித்துச் செய்யுங்கள். மாதம் ஒரு புதுமை என்று அட்டவணை போட்டால் எந்தப் புதுமைக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

கேள்வி: சில பல்கலைக்கழகங்களில் மாணவர் கையில் கிளிக்கர் கொடுத்து வகுப்பிலேயே ஓட்டெடுக்கிறார்களாமே? எங்களிடம் அதற்கெல்லாம் நிதி இல்லை. – இயற்பியல் உதவிப் பேராசிரியர்

இந்த முறையைப் பரப்பியவர் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். அவர் இதை 1991இல் தொடங்கியபோது அவரிடமும் கிளிக்கர் இல்லை. கதை அதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பிக்கிறது. கணக்குகளை அழகாகப் போட்ட தன் மாணவர்களுக்கு அவர் விசையைப் பற்றிய எளிமையான ஒரு தேர்வு வைத்தார். கணக்கே இல்லை, அன்றாட நிகழ்வுகளை வைத்துக் கேட்ட கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதணுமா, நான் நினைக்கிறபடி எழுதணுமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி மசூரை ஆட்டிவிட்டது. முடிவுகளும் மோசமாகத்தான் வந்தன.

அதற்கப்புறம் அவர் செய்ய ஆரம்பித்தது இது. கொஞ்ச நேரம் விளக்குவார், பிறகு கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, நான்கைந்து விடைகளோடு. மாணவர்கள் யாரோடும் பேசாமல் தனியாக யோசித்து ஓட்டுப் போடுவார்கள். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து ஆளைப் பிடித்து வாதாடுவார்கள். மறுபடி ஓட்டு. அப்புறம்தான் ஆசிரியர் விளக்குவார். முதல் ஓட்டில் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் விவாதம் நன்றாகப் பலன் தரும் என்பது மசூர் குழுவினரின் அனுபவம். அதற்கும் கீழே போனால் நீங்கள்தான் திரும்ப விளக்க வேண்டும், மேலே போனால் கேள்வி சப்பையானது, அடுத்ததுக்குப் போய்விடலாம்.

கவனியுங்கள், இதில் கருவிக்கு வேலை ரொம்பக் குறைவு. நான்கு வண்ண அட்டை போதும். எண்ணிக்கை துல்லியமாக வேண்டும் என்றால் பிளிக்கர்ஸ் மாதிரி ஒன்று இருக்கிறது: மாணவர்கள் அச்சடித்த அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள், ஆசிரியரின் ஒரே போன் எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். விரலைக் காட்டச் சொன்னாலும் சரிதான், ஆனால் நெஞ்சுக்கு நேரே காட்டச் சொல்லுங்கள், தலைக்கு மேலே தூக்கினால் முன்வரிசையில் நன்றாகப் படிக்கும் பையனின் கையைப் பார்த்து வகுப்பே ஓட்டுப் போட்டுவிடும்.

கஷ்டமான வேலை கேள்வி எழுதுவது. தப்பான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் தப்புகளாக இருக்க வேண்டும், சும்மா இடத்தை நிரப்பப் போட்டவையாக இருக்கக் கூடாது. அப்படி நல்ல கேள்வி ஒன்று எழுத ஒரு மாலை நேரம் முழுவதும் போய்விடும். பகிர வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். துறையில் ஆறு பேர் ஆளுக்குப் பத்து எழுதினால் அறுபது. ஒவ்வொன்றுக்கும் கீழே முதல் ஓட்டு எப்படி விழுந்தது, இரண்டாவது எப்படி மாறியது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நிதி இல்லாத துறைக்கு இதைவிட நல்ல சொத்து கிடையாது.

கேள்வி: நான் கணினியில் உருவகப் பரிசோதனைகளை ஓட்டிக் காட்டுகிறேன். மாணவர்கள் ரசிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். தேர்வில் அதே பழைய தப்பு. ஏன்?

ஓட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று அவர்களைக் கேட்டீர்களா? ஹார்வர்டில் மசூரும் உடன் பணியாற்றியவர்களும் வகுப்பில் காட்டும் பரிசோதனைகளை வைத்து இதையே சோதித்து 2004இல் எழுதினார்கள். வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக உயரவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துப் பதிவு செய்துவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாகத் தேறினார்கள். ஊகிக்க ஆனது ஓரிரண்டு நிமிடம்.

இதில் இன்னொரு வேடிக்கை, பார்த்ததைப் பார்த்தபடி மனம் வைத்துக்கொள்வதில்லை. நான் நினைத்ததுதான் நடந்தது என்று நம்பிக்கொண்டே வெளியே போகிறவர்கள் உண்டு. அதனால் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள், எழுதினால் மாற்றிச் சொல்ல முடியாது. இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வைமன் அடுத்த வருஷமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகங்கள் இலவசம், வேதியியல், உயிரியல், கணிதம் எல்லாம் இருக்கின்றன. சக ஆசிரியருக்கு அதன் இணைப்பை அனுப்பும்போது ஓட்டும் முன் என்ன கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். இணைப்பை மட்டும் அனுப்புவது பாதி உதவிகூட இல்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக விரிவுரை செய்கிறேன். மாணவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். இப்போது இளம் ஆசிரியர்கள் வந்து விரிவுரையே தப்பு என்கிறார்கள். நான் என்ன செய்ய? – மூத்த பேராசிரியர்

ஐயா, விரிவுரையே தப்பு என்று சொல்பவர்கள் ஒரு விரிவுரையில்தான் அதைச் சொல்லியிருப்பார்கள், அதை விடுங்கள். ஆனால் ஆதாரத்தையும் தள்ளிவிட முடியாது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் எழுதினார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்கள் ஏதாவது செய்தபடி கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். இது சின்ன வித்தியாசம் இல்லை.

விரும்பிக் கேட்கிறார்கள் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஒரு ஹார்வர்டு ஆய்வில் ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு அருமையான விரிவுரையாகவும் இன்னொரு பிரிவுக்குக் குழுவாகக் கணக்குப் போடவைத்தும் நடத்தினார்கள். விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். சோதித்தால் மற்றவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். தடங்கல் இல்லாமல் ஓடும் பேச்சு, நமக்கும் புரிந்துவிட்டது என்கிற நினைப்பைக் கொடுத்துவிடுகிறது.

அதற்காக உங்கள் விரிவுரையைத் தூக்கி எறிய வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். மாணவர்கள் முதலில் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டட்டும், அதற்கப்புறம் பேசுங்கள். டேனியல் ஷ்வார்ட்ஸும் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் 1998இலேயே காட்டியது இது: உதாரணங்களைத் தாங்களே ஒப்பிட்டு வித்தியாசம் தேடியவர்களுக்கு, அதன் பிறகு கேட்ட விரிவுரை நன்றாக ஏறியது. உங்கள் முப்பது வருஷ அனுபவம் இங்கேதான் மிக மிகத் தேவைப்படும். எந்தச் சிக்கலைக் கொடுத்தால் பையன்கள் சரியான இடத்தில் மாட்டுவார்கள் என்பது நேற்று வேலைக்கு வந்தவருக்குத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: நான் புது முறைக்கு மாறினேன். மேம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார் என்று மாணவர்கள் துறைத்தலைவரிடம் புகார் கொடுத்துவிட்டார்கள்.

மேலே சொன்ன 2019 ஆய்வே உங்களுக்கும் பதில். முதல் வாரத்திலேயே அந்த முடிவைக் காட்டி, உங்களுக்கும் இப்படித்தான் தோன்றும், தேர்வு முடிந்ததும் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். துறைத்தலைவருக்கும் சொல்லுங்கள், புகார் வருவதற்கு முன்னால். அப்புறம், ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம், ஒரு செமஸ்டருக்கு அது போதும்.

கேள்வி: வகுப்பை வீட்டுக்கும் வீட்டுப்பாடத்தை வகுப்புக்கும் மாற்றும் முறை என்று கேள்விப்பட்டு, என் விரிவுரைகளை எல்லாம் 50 நிமிட வீடியோக்களாகப் பதிவு செய்து போட்டேன். யாரும் பார்க்காமலே வகுப்புக்கு வருகிறார்கள்.

50 நிமிடமா! 2014இல் எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பார்வைகளாவது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறு ஆறு நிமிடமாக வெட்டுங்கள், ஒரு துண்டில் ஒரு கருத்து. பளபளப்பான ஸ்டுடியோ தேவையில்லை, மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியவையே அதிகம் பார்க்கப்பட்டன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

ஆனால் நீளத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. பார்க்காமல் வந்தவர்களுக்காக நீங்கள் வகுப்பில் அதையே திரும்ப நடத்துகிறீர்கள், இல்லையா? அப்படி என்றால் பார்த்தவன் முட்டாள். வீடியோவோடு மூன்று கேள்வி அனுப்புங்கள், மூன்றாவது எப்போதும், உங்களுக்கு எது புரியவில்லை என்பதாக இருக்கட்டும். வகுப்புக்குச் சில மணி நேரம் முன்பு வரை பதில் வரலாம். அந்தப் பதில்களைத் திரையில் போட்டு, பெயர் இல்லாமல், அதிலிருந்து வகுப்பைத் தொடங்குங்கள். தான் எழுதியது திரையில் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பேராவது பார்த்துவிட்டு வருவார்கள். மீதிப் பேர் எந்த முறையிலும் வர மாட்டார்கள், அவர்களை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பல வருஷம் உழைத்துத் தயாரித்த ஸ்லைடுகளை நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். தன் பெயரைப் போட்டு ஒரு கருத்தரங்கில் காட்டிவிட்டார். இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?

கோபம் நியாயம், முடிவு நியாயமில்லை. வாயால் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், உரிமத்தோடு கொடுங்கள். 2002இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்காகவே உள்ளவை. பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியமைத்தவரும் இதே நிபந்தனையில் திறந்துவிட வேண்டும் என்பவை விருப்பம் போல் சேர்த்துக்கொள்ளக்கூடியவை. கடைசிப் பக்கத்தில் போட்டால் அதை வெட்டிவிடுவார்கள், ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் சின்ன எழுத்தில் போடுங்கள். உங்களுடையது இல்லாத படங்கள் எவை என்பதையும் பாருங்கள். பாதிப் பேரின் ஸ்லைடில் இருக்கும் படங்கள் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தவை, அவற்றுக்கு நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. இன்னொன்று, உங்கள் நிறுவனத்தின் விதி பாடப்பொருள் யாருக்குச் சொந்தம் என்று சொல்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எம்ஐடி 2001இல் தன் பாடப்பொருள்களை எல்லாம் இலவசமாக இணையத்தில் போடப்போவதாக அறிவித்தபோது, இனி அங்கே யார் படிக்க வருவார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. இன்றும் அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்புதான். ஸ்லைடைப் பார்த்து யாரும் உங்களைப் போல் பாடம் நடத்திவிட முடியாது.

ஆனால் ஒன்றை மட்டும் பூட்டி வையுங்கள்: கருத்துச் சோதனை வினாத்தாள்களும் அவற்றின் விடைகளும். இவை இணையத்தில் கசிந்தால் செத்துவிடும். ஆசிரியர்களுக்குள் மட்டும், கேட்டவருக்கு மட்டும்.

கேள்வி: சக ஆசிரியர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறது நிர்வாகம். எல்லாருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி இருக்கிறது. இதைச் சுமுகமாகச் செய்ய வழி உண்டா?

உண்டு, நிர்வாகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால். கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1993இல் சொன்ன ஒன்று எனக்குப் பிடிக்கும். ஆராய்ச்சியில் நாம் ஒரு சமூகமாக இருக்கிறோம், கட்டுரையைக் காட்டுகிறோம், அடி வாங்குகிறோம், திருத்துகிறோம், வகுப்புக் கதவைச் சாத்தியதும் தனிமைக்குப் போய்விடுகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தத் தனிமையில் ஒரு சுகமும் இருக்கிறது, அதனால்தான் விடமாட்டேன் என்கிறோம்.

செய்முறை இப்படி வைத்துக்கொள்ளலாம். யார் வகுப்பு பார்க்கப்படுகிறதோ அவர்தான் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நான் கேள்வி கேட்டால் எந்த வரிசையிலிருந்து பதில் வருகிறது, பின்வரிசை எப்போது போனை எடுக்கிறது, இப்படி ஒன்று. வருபவர் தீர்ப்பு எழுதக் கூடாது, நடந்ததை எழுத வேண்டும். இதற்கென்றே 2013இல் கோபஸ் என்று ஒரு குறிப்புத்தாள் வெளியானது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போக வேண்டியது, அவ்வளவுதான். நல்லது கெட்டது என்று எங்கேயும் இல்லை. நானும் மாணவர்களை நிறையப் பேசவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அந்தத் தாளைப் பார்த்து வாயடைத்துப்போவார், நீங்கள் ஒன்றும் சொல்லவே வேண்டியதில்லை. தாள் வகுப்புக்குரியவரிடமே போய்விட வேண்டும், நகல் யாருக்கும் கிடையாது. பதவி உயர்வுக் கோப்பில் அது போகிறது என்று தெரிந்த அன்றே எல்லாரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம், வந்து பார்ப்பவருக்குத்தான் லாபம் அதிகம். அடுத்தவர் பலகையை எப்படிப் பிரித்து எழுதுகிறார் என்பதைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: துறைக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கினோம். எல்லாரும் அதைத் திரையாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தெரிந்ததுதானே. வாங்குவதற்கு முன் யார் வகுப்பில் எதற்கு வேண்டும் என்று கேட்டிருந்தால், அநேகமாக நல்ல ஒளி விழும் ஒரு பலகையும், கையால் எழுதுவதைப் பெரிதாக்கிக் காட்ட மேசைக்கு மேலே ஒரு கேமராவும் போதும் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு ஸ்டாண்டும் பழைய போனும் இருந்தாலே அந்த வேலை நடக்கும்: ஒரு மாணவன் நோட்டில் போட்ட கணக்கை அப்படியே திரையில் காட்டி எல்லாரும் சேர்ந்து திருத்தலாம். வாங்கியாகிவிட்டது, சரி. அதில் எழுதியதைச் சேமித்து மாணவர்களுக்கு அனுப்பும் வசதியை மட்டுமாவது எல்லாருக்கும் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பயிலரங்கில் மாணவர்களைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்துப் பாடம் நடத்தச் சொன்னார்கள். படித்ததில் 10 சதவீதமும் செய்ததில் 90 சதவீதமும் நினைவில் நிற்கும் என்று ஒரு கோபுரப் படமும் கொடுத்தார்கள். உபயோகமாக இருக்குமா?

இல்லை. அந்தப் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று உளவியலாளர்கள் 2008இலேயே விரிவாக அலசி எழுதிவிட்டார்கள். கோபுரப் படத்தை எட்கர் டேல் என்பவர் தலையில் கட்டுவது வழக்கம். 1946இல் அவர் போட்ட கூம்பில் சதவீதமே கிடையாது, எண்களை யாரோ பின்னால் ஒட்டினார்கள். இவ்வளவு ஒழுங்காக ஏறும் எண்ணைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பகிர்வதில் இது ஒரு ஆபத்து, நல்லதைவிடப் படம் போட்டது வேகமாகப் போகும். பயிலரங்கில் கையைத் தூக்கி, இது எந்த ஆய்வில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் இயற்பியலுக்குச் சரி. நான் இலக்கியம் நடத்துகிறேன். அங்கே நான்கு விடையில் ஒன்று என்று எதுவும் இல்லையே?

நியாயமான குற்றச்சாட்டு. இயற்பியல்காரர்கள் அளந்து எழுதிவைத்தார்கள், அதனால் அவர்கள் உதாரணம் கைக்கு வருகிறது. உங்களுக்கு வேறு வழிகள். ஒரே கவிதையைக் கொடுத்து, இதில் பேசுபவர் கோபத்தில் இருக்கிறாரா ஏமாற்றத்தில் இருக்கிறாரா என்று ஓட்டெடுங்கள், சரியான விடை இல்லாதது அங்கே குறை இல்லை, எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கத்தான் அந்த ஓட்டு. எலியட் ஆரன்சன் 1971இல் உருவாக்கிய ஜிக்ஸா முறையும் உங்களுக்குப் பொருந்தும். நீளமான ஒரு கட்டுரையை நான்காக வெட்டி ஒவ்வொரு குழுவிலும் நான்கு பேருக்குக் கொடுத்து, ஒரே பகுதி வாங்கியவர்கள் கூடிப் பேசிவிட்டுத் தங்கள் குழுவுக்குத் திரும்பிவந்து மற்றவர்களுக்கு விளக்குவது.

இணையத்தில் ஒரே நூலின் ஓரத்தில் எல்லாரும் குறிப்பு எழுதிக்கொள்ளும் பெருசல், ஹைபாதெசிஸ் போன்றவை இருக்கின்றன. வகுப்புக்கு முன்பே எந்த வரியில் கூட்டம் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

எதுவும் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டிருங்கள், கேலியாகச் சொல்லவில்லை. பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தால் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மேடையில் நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

கேள்வி: அசைன்மென்ட்டை எல்லாம் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாமா என்று துறையில் பேச்சு. உங்கள் கருத்து?

வாங்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் எழுதியதாகத் தப்பாக முத்திரை குத்தப்பட்டன. சொந்தமாக, எளிய ஆங்கிலத்தில் எழுதியவன்தான் மாட்டுவான். மென்பொருள் சொன்னது என்று ஒரு மாணவனைக் கூப்பிட்டு விசாரிக்கும் நிலைமைக்கு ஒரு துறை போகக் கூடாது.

அந்தப் பணமும் நேரமும் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஒரு மதியம் எல்லாரும் தங்கள் அசைன்மென்ட் கேள்விகளோடு உட்காருங்கள். ஒவ்வொன்றையும் அந்த இயந்திரத்திடமே கொடுங்கள், வரும் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள், பெயர் தெரியாத மாணவனுக்குப் போடுவது போல. சில கேள்விகளுக்கு நல்ல மார்க் வாங்கிவிடும், அவை வீட்டில் எழுதுவதற்கு இனி லாயக்கில்லை. அவற்றை வகுப்பிலேயே எழுதவைக்கலாம், அல்லது எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். பெரிய வகுப்பில் எல்லாரையும் கேட்க முடியாது, குலுக்கிப் போட்டுச் சிலரைக் கேட்டால் போதும், யாரைக் கேட்பார்கள் என்று தெரியாததே வேலை செய்யும். இன்னும் சில கேள்விகளுக்கு அசட்டுத்தனமான பதில் வரும், அதையே மாணவர்களிடம் கொடுத்து எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். இந்த ஒரு மதிய வேலையைத் தனியாகச் செய்தால் சலிப்பு, கூட்டமாகச் செய்தால் சிரிப்பு. அடுத்த செமஸ்டரில் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், இயந்திரம் அப்படியே இருக்காது.

கேள்வி: இவ்வளவும் செய்தால் பதவி உயர்வுக்கு உதவுமா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இலேயே கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு, கற்பித்தல் ஆகிய நான்கையுமே புலமையாகக் கணக்கில் எடுக்கச் சொன்னார். எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், எண்ணுவது முதலாவதை மட்டும்தான். ஆனால் உங்கள் வகுப்பு முயற்சியை முன்பின் சோதனையோடு அளந்து எழுதினால் அது ஆய்விதழ்க் கட்டுரையாகும், அதற்கென்றே இதழ்கள் உண்டு. மாணவர் விடைகளைப் பயன்படுத்தினால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள், பின்னால் வாங்க முடியாது.

கேள்வி: நான் தற்காலிக விரிவுரையாளர். புதிதாகச் சில செய்து பார்க்கிறேன், நன்றாக வருகிறது. ஆனால் மூத்தவர்களிடம் சொன்னால் நமக்கே பாடம் எடுக்கிறாயா என்பார்கள். எப்படிப் பகிர்வது?

சொல்லாதீர்கள், கேளுங்கள். சார், இந்த இடத்தில் என் மாணவர்கள் இப்படி எழுதுகிறார்கள், உங்கள் வகுப்பிலும் இதுதானா என்று ஒரு விடைத்தாளை நீட்டுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்ல இடம் தானாக வரும், வராவிட்டாலும் அவர் சொன்னது உங்களுக்கு மிச்சம்.

காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்கட்டும். வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது துண்டுத்தாள் கொடுத்து, இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் புரியாதது எது என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லும் பழக்கத்தைத் தொடங்குங்கள். அறுபது தாளைப் புரட்டக் கால் மணி நேரம் ஆகும், மூன்று குவியலாகப் பிரித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதப்போவதில்லை. மறுநாள் வகுப்பை இந்த மூன்று விஷயம் நேற்றுப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் என்று தொடங்க வேண்டும், அதைச் செய்யாவிட்டால் மூன்றாவது வாரம் வெற்றுத்தாள்தான் வரும். ஒரு மாதத் தாள்கள் சேர்ந்ததும் அதே பாடத்தை இன்னொரு பிரிவுக்கு நடத்துபவரிடம் காட்டுங்கள். உங்கள் முறையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவர் மாணவர்களும் அதையேதான் எழுதுவார்களா என்று அவருக்கே தெரிந்துகொள்ளத் தோன்றும். தொடங்குவதற்கு வார இறுதியின் கடைசி வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எது முக்கியம் என்ற கேள்விக்கு எல்லாரும் லீவு என்று எழுதுவார்கள்.